ஓர் ஊரின் பண நிலையைக் கட்டட வேலையை வைத்துக் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனை காட்ட வரும் புரோக்கர் வண்டியை நிறுத்தியதும் சொல்லும் முதல் வசனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “சார், இந்தப் பக்கமெல்லாம் ரெண்டே வருஷத்துல எங்கேயோ போயிடும்.” அவர் கை நீட்டும் திசையில் நாலைந்து கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கும். லாரியிலிருந்து எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) கொட்டும் சத்தம் கேட்கும். நமக்கும் ஊர் வளர்கிறது என்றே தோன்றும்.

வளரலாம். வெளியூர்ப் பணம் வந்து முடங்கிக்கொண்டும் இருக்கலாம். இரண்டும் தெருவிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. கடை போட ஊர் தேடுபவர், வாடகைக்கு விட வீடு கட்ட நினைப்பவர், மாற்றலாகி வந்த ஊரில் மனை வாங்கலாமா என்று குழம்புபவர் ஆகியோருக்காக எழுதுகிறேன். தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்களை மனதில் வைத்திருக்கிறேன். ஒரு நோட்டு, ஒரு இருசக்கர வண்டி, நான்கு ஞாயிற்றுக்கிழமை, இடையில் ஓரிரு வேலை நாள் போதும்.

முதலில் ஒரு கேள்வியை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்

எந்தக் கட்டடத்தின் முன் நின்றாலும் கேட்க வேண்டியது: இது யார் பணம், இதில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

செட்டிநாட்டுக்குப் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளும் வீடுகள், பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு. அவை கட்டப்பட்ட காலத்தில் அந்தப் பகுதியின் கட்டட வேலையை எண்ணியிருந்தால் தமிழகத்திலேயே செழிப்பான ஊர்கள் இவைதான் என்று எழுதியிருப்போம். ஆனால் பணம் சம்பாதித்தது அந்த மண்ணில் அல்ல. பர்மாவில், மலாயாவில், இலங்கையில். 1930களின் மந்தமும் பிறகு வந்த உலகப் போரும் அந்த ஊற்றை அடைத்ததும், வீடுகள் நின்றன, வேலை நின்றுபோனது. கட்டி முடித்த வீடு நேற்றைய வருமானத்தைக் காட்டுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் அமெரிக்கா. அங்கே புதிதாகத் தொடங்கிய வீடுகளின் எண்ணிக்கை 2006 ஜனவரியில், ஆண்டுக்கு 22 லட்சத்துக்கு மேல் என்ற வேகத்தில் உச்சம் தொட்டது. பொருளாதார மந்தம் அதிகாரப்பூர்வமாகத் தொடங்கிய மாதமோ 2007 டிசம்பர். கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவது குறையத் தொடங்கிவிட்டது. 2009 ஏப்ரலில் அந்த வேகம் 5 லட்சத்துக்கும் கீழே கிடந்தது. ஆக, தொடங்கும் வீடு நாளையைப் பற்றிய ஒருவரின் நம்பிக்கை. முடிந்த வீடு நேற்றைய கணக்கு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எண்ணக் கூடாது.

படி 1: எல்லை போடுங்கள்

ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். பேருந்து நிலையத்தை மையமாக வைத்து மூன்று துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய தெருக்கள் கொஞ்சம், புறவழிச்சாலைப் பக்கம் ஒரு நீட்டு, தொழிற்சாலையோ மில்லோ சந்தையோ இருக்கும் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் நடக்கிற தூரம் இருந்தால் போதும். மூன்று மாதம் கழித்து இதே தெருக்களில் மறுபடி நடக்கப் போகிறீர்கள், அதனால் எல்லையைத் தெருப் பெயரோடு எழுதி வையுங்கள்.

படி 2: கட்டம் பார்த்து எண்ணுங்கள்

மொத்தமாக “இருபது கட்டடம்” என்று எழுதிக்கொண்டு வந்தால் பயனில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறியுங்கள்: வானம் தோண்டியிருக்கிறது, பேஸ்மட்டம் (தரை மட்டம் வரை எழுப்பியது), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு, பெயின்ட்.

கட்டங்களின் பரவல்தான் செய்தி சொல்லும். வானமும் பேஸ்மட்டமும் அதிகமிருந்தால் இப்போதுதான் நம்பிக்கை பிறந்திருக்கிறது. பூச்சும் பெயின்ட்டும் மட்டுமே கண்ணில் பட்டால் ஒரு அலை முடியப் போகிறது, அடுத்தது இன்னும் வரவில்லை. எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிற ஊர்தான் எனக்குப் பிடித்த ஊர்.

அடுத்து, நின்றுபோனவை. வங்கி வீட்டுக்கடன் பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் எனக் கட்டம் கட்டமாகத்தான் கைக்கு வரும். அதனால் கடனில் கட்டும் வீடு மெதுவாக நடந்தாலும் நடந்துகொண்டே இருக்கும். கைப்பணத்தில் கட்டுபவரின் வீடு லிண்டலில் நின்றால், அது அவர் தொழில் எங்கேயோ இடறியதைச் சொல்கிறது. எத்தனை நாளாக நிற்கிறது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: திருஷ்டி பொம்மையைப் பாருங்கள். கட்டடத்தின் முன் தொங்கும் வைக்கோல் பொம்மையின் சட்டை வெளுத்துக் கிழிந்து, பூசணிக்காய் காய்ந்து சுருங்கியிருந்தால் மழையும் வெயிலும் கண்டுவிட்டது என்று அர்த்தம். மணல் குவியலில் செடி முளைத்திருப்பதும், மூலையில் இறுகிப்போன சிமென்ட் மூட்டை கிடப்பதும் அதே சாட்சிதான்.

மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். அது நின்றுபோன வேலை அல்ல. “பையன் பெரியவன் ஆனதும் மேலே ஒரு மாடி” என்ற ஆசை. நம் ஊரில் பாதி வீட்டின் தலையில் அந்த ஆசை துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

படி 3: யார் பணம் என்று பிரியுங்கள்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. இதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் பாதி விவரம் தானாக வந்து சேரும்; யார் வீடு, எங்கே வேலை, எவ்வளவுக்கு மனை வாங்கினார் என்பதெல்லாம் நம் ஊரில் ரகசியமே இல்லை.

மேல்மாடி. ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டின் மேல் வாடகைக்கு விடுவதற்காக ஒரு மாடி எழுப்புகிறார் என்றால், அந்த ஊரை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர் தன் சேமிப்பை வைத்து “ஆள் வருவார்கள்” என்று சொல்கிறார். பத்துக் கண்ணாடிக் கட்டடத்தைவிட ஐந்து மேல்மாடிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

லைன் வீடுகள். திருப்பூர் பக்கம் போனால் ஒரே சுவர், ஒரே கூரை, வரிசையாகப் பத்து அறை என்று தொழிலாளர்களுக்காகக் கட்டியிருப்பார்கள். புது லைன் வீடு எழும்பினால் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பொருள். இதுவே முதலில் வாடும் இடமும்கூட. ஏற்றுமதியை நம்பிய ஊருக்கு அடி வெளியிலிருந்து வரும்: 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதுபோல. அப்படியான நேரத்தில் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். லைன் வீட்டு வாசலில் எத்தனை பூட்டு தொங்குகிறது என்று பார்த்தாலே போதும்.

ஒற்றைப் பெரிய கட்டடம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வேலைவாய்ப்புக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை. ஆனால் பக்கத்துக் கிராமத்தில் கடன் வாங்கி வாடகை அறை கட்ட நினைப்பவர் அதே கட்டடத்தை வேறு கண்ணால்தான் பார்க்க வேண்டும். அங்கே தங்குபவர்கள் இவர் வாசலுக்கு வரப்போவதில்லை.

வெளியூர்ப் பணம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ சம்பாதித்து அனுப்பிக் கட்டும் வீடு. கொத்தனாருக்கும் கடைக்காரருக்கும் அது நல்ல பணம்தான். வீடு முடிந்ததும் பூட்டிவிட்டு எல்லோரும் விமானம் ஏறிவிட்டால் ஊருக்குள் சுழல்வது காவலாளியின் சம்பளம் மட்டும்.

அரசுப் பணம். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் அரசு தருகிறது. ஒரு கிராமத்தில் ஒரே நேரத்தில் முப்பது வீடு எழும்பினால் ஆணை வந்திருக்கிறது என்று அறியலாம். விளைச்சல் நன்றாக இருந்தது என்று முடிவு கட்ட முடியாது. சாலை, மேம்பாலம், பேருந்து நிலைய வளாகம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். தேர்தலுக்கு முன் இவை வேகம் பிடிப்பதையும், நடத்தை விதி வந்ததும் புது டெண்டர் நிற்பதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மனைப்பிரிவு. வரவேற்பு வளைவு, கலர் கொடி, எல்லைக்கல். இதைக் கட்டட வேலையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எத்தனை மனை விற்றது என்பதைவிட எத்தனை மனையில் வீடு எழும்பியது என்று பாருங்கள். ஐந்து வருடத்தில் நூறு மனைக்கு நாலு வீடு என்றால் அங்கே வியாபாரம் நடந்தது, குடியேற்றம் நடக்கவில்லை.

படி 4: கடைத்தெருவில் பேசுங்கள்

கட்டடம் பொய் சொல்லலாம், ஹார்டுவேர் கடைக்காரரின் கடன் நோட்டு பொய் சொல்லாது. அவரிடம் “வியாபாரம் எப்படி?” என்று கேட்காதீர்கள், “ஏதோ ஓடுது” என்பார். கேட்க வேண்டியது இரண்டு. மேஸ்திரிகள் எத்தனை நாளில் பாக்கியைக் கட்டுகிறார்கள்? சில்லறை மூட்டையாகப் போகிறதா, லோடாகப் போகிறதா? முன்பு பதினைந்து நாளில் வந்த பணம் இப்போது நாற்பது நாளாகிறது என்றால், தெருவில் எத்தனை கட்டடம் எழும்பினாலும் பணப்புழக்கம் இறுகிவிட்டது.

சிமென்ட் விற்பனையை வீட்டுக் கணக்காக மாற்றவும் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சுமார் 400 மூட்டை சிமென்ட், மூன்றரை முதல் நான்கு டன் கம்பி, 18 யூனிட் மணல் ஆகும் என்பது மேஸ்திரிகள் போடும் உத்தேசம். (ஒரு யூனிட் என்பது 100 கன அடி.) ஊரிலுள்ள மூன்று நான்கு பெரிய கடைகளின் மாத லோடு தெரிந்தால், நீங்கள் நடந்து எண்ணிய எண்ணிக்கை சரியா என்று ஒப்பிடலாம். கம்பி போகாமல் சிமென்ட் மட்டும் போனால் புது வீடு குறைவு, பூச்சும் பழுதுபார்ப்பும்தான் அதிகம்.

டைல்ஸ் கடை, பெயின்ட் கடை, கதவு ஜன்னல் போடும் பட்டறை ஆகியவை கடைசிக் கட்டத்தைச் சொல்லும். முதல் கட்டத்தைச் சொல்பவர் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிக்காரர். மனையில் முதலில் தண்ணீர் பார்க்காமல் இங்கே யாரும் வானம் தோண்டுவதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி நாடு முழுக்க ஓடுகிறது என்பது தெரிந்ததுதான். உங்கள் ஊர் ஏஜென்டிடம் வண்டி கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று கேளுங்கள். “நாளைக்கே வரும்” என்பது நல்ல சேவை, மோசமான அறிகுறி.

படி 5: காலை ஏழு மணிக்கு ஆள் நிற்கும் இடம்

எல்லா ஊரிலும் ஒரு முனை இருக்கிறது. சாப்பாட்டுத் தூக்கும் கரணையுமாகக் கொத்தனார்களும் சித்தாள்களும் வந்து நிற்பார்கள். ஏழு மணிக்கு எத்தனை பேர், ஒன்பது மணிக்கு எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுங்கள். ஒன்பது மணிக்கும் பாதிப் பேர் பீடியோடு உட்கார்ந்திருந்தால் வேலை இல்லை. எட்டரைக்கே முனை காலியானால் கூலி ஏறப் போகிறது.

வாரக்கூலி சனிக்கிழமை பட்டுவாடா ஆகும். அன்று மாலை கறிக்கடை, பரோட்டா கடை, செல்போன் கடை எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். கட்டட வேலையின் பணம் ஊருக்குள் இறங்குவது அங்கேதான். “அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்” என்ற பேச்சு கூடினால் அதன் ஈரம் முதலில் காய்வதும் அங்கேதான்.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள ஊரில் ஒரு திருத்தம் வேண்டும். ஹோலி, சத் பூஜை, அவர்கள் மாநிலத் தேர்தல் எல்லாம் வரும்போது வேலைத்தளம் காலியாகும். அது மந்தம் அல்ல. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்றுதான் திரும்ப வரத் தாமதமாகும்.

படி 6: ஆவணம்

இதைக் கடைசிக்கு முன்தான் பார்க்கச் சொல்வேன். தெருவைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் படித்தால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

உள்ளாட்சி அலுவலகத்தில் மாதம் எத்தனை கட்டட அனுமதி கொடுக்கப்பட்டது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் தொழிலாளர் நல நிதிக்குப் போகிறது; அந்த வசூலும் ஒரு நல்ல அளவுகோல், ஏனென்றால் எண்ணிக்கையோடு கட்டடத்தின் அளவும் அதில் தெரியும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீட்டுக்கு மேலோ வரும் அடுக்குமாடித் திட்டங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். அதன் இணையதளத்தில் உங்கள் மாவட்டத்தின் பட்டியலும், எப்போது முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் கிடைக்கும். சொன்ன தேதியைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள்.

சார் பதிவாளர் அலுவலகக் கூட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முகூர்த்த நாளில் வழக்கமான 100 டோக்கனை 150 ஆக உயர்த்துவார்கள். அன்றைக்குப் போய்விட்டு “ஊரே மனை வாங்குது” என்று சொல்பவர்கள் பலர்.

படி 7: பஞ்சாங்கத்தையும் சட்டத்தையும் கழித்துவிடுங்கள்

பொருளாதாரப் புத்தகத்தில் பருவகாலத் திருத்தம் என்று ஒன்று வரும். நமக்கு அதைச் சொல்லித்தருவது பஞ்சாங்கம். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நான்கிலும் வாஸ்து நாள் கிடையாது. ஆடியில் வாஸ்து நாள் இருந்தாலும் பூமி பூஜை போடப் பலர் தயங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. செங்கல் சூளையும் ஓடாது, வானம் தோண்டினால் குளமாகும். பொங்கலுக்கு ஆள் வரமாட்டார்கள். அதனால் ஆவணியை ஆவணியோடும் தையைத் தையோடும்தான் ஒப்பிட வேண்டும். மார்கழியில் எண்ணிவிட்டு மாசியில் எண்ணினால் எந்த ஊரும் புலிப் பாய்ச்சலில்தான் தெரியும்.

சட்டம் செய்யும் குழப்பம் இன்னும் பெரியது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதே வருட நவம்பரில் பணமதிப்பிழப்பு. அந்த வருடத்தின் பத்திரப் பதிவு எண்ணிக்கையை வைத்து ஒரு ஊரின் நிலையைச் சொல்லவே முடியாது. இரண்டில் எந்த அடி எவ்வளவு என்று பிரிப்பது அவ்வளவு கடினம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மனை மதிப்பை) 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒரு சதவீதத்திலிருந்து நான்காக ஏற்றினார்கள். பத்திரத்தில் எழுதிய தொகை குறைந்ததால் மனை விலை குறைந்தது என்று சொல்லிவிட முடியாது.

பின்னால் வந்ததையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் உடனடி அனுமதி. முன்பு அனுமதியே வாங்காமல் கட்டியவர்களும் இப்போது வாங்குவார்கள். எனவே அதற்குப் பிந்தைய எண்ணிக்கை ஏறியிருந்தால் வீடு கூடியதா, காகிதம் கூடியதா என்பதைப் படி 2-இன் நோட்டுதான் சொல்லும். 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்துக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது எம்சாண்டும் ஜல்லியும் கிடைக்காமல் நல்ல ஊர்களிலும் வேலை நின்றது. 2025 செப்டம்பர் 22-இல் சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமானது. விலை இறங்கப்போகிறது என்று தெரிந்தால் யார்தான் அதற்கு முந்தைய வாரத்தில் லோடு இறக்குவார்கள்? இதுபோன்ற தேதிகளை நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டே எண்களைப் படியுங்கள்.

படி 8: இரவு எட்டு மணி

கடைசி நடை இரவில். கடந்த இரண்டு மூன்று வருடத்தில் கட்டி முடித்த வீடுகள், குடியிருப்புகள், கடை வளாகங்கள் முன் நடந்து எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். கொடியில் துணி, வாசலில் செருப்பு, கோலம் இதெல்லாம் காலையில் பார்க்கலாம், விளக்கு ஏமாற்றாது. கடை வளாகத்தில் தரைத்தளம் நிறைந்து மாடி “வாடகைக்கு” பலகையோடு கிடப்பது எல்லா ஊரிலும் சகஜம். தரைத்தளமே காலி என்றால் யோசிக்க வேண்டும். பலகையிலிருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டு வாடகையும் முன்பணமும் கேளுங்கள். சொன்ன தொகையை நீங்கள் பேரம் பேசுவதற்கு முன் அவரே குறைத்தால் பதில் கிடைத்துவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது

நான் மதிப்பெண் அட்டவணை போடுவதில்லை. மூன்று சேர்க்கை மட்டும் பார்ப்பேன். மேல்மாடியும் லைன் வீடும் கூடி, கடன் நாள் குறைந்து, இரவில் விளக்கு எரிந்தால் ஊருக்குள் வருமானம் இருக்கிறது, கடை போடலாம். பெரிய கட்டடம் நிறைய, எட்டரைக்கே முனை காலி, ஆனால் முடிந்த வீடுகள் இருட்டு என்றால் வெளிப் பணம். கட்டுமானப் பொருள் விற்பவருக்கு இன்னும் ஓரிரு வருடம் நல்லது, வாடகையை நம்புபவருக்கு ஆகாது. புது வேலை குறைவு, ஆனால் பழைய வீடுகளுக்குப் பெயின்ட், டைல்ஸ், கழிவறை மாற்றுவது நடக்கிறது என்றால் ஊர் மெதுவாக ஆனால் சொந்தக் காலில் நிற்கிறது. புரோக்கர்கள் கண்டுகொள்ளாத ஊர் இது. மனை விலையும் இன்னும் தலைக்கேறியிருக்காது.

ஒரு முறை எண்ணியதை வைத்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து, அதே தெருக்கள், அதே நோட்டு. மாதம் மாறியிருப்பதால் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடாமல், முதல் தடவை லிண்டலில் இருந்த வீடுகளில் எத்தனைக்கு ரூஃப் விழுந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பத்தில் ஏழுக்கு விழுந்திருந்தால் புரோக்கரைத் திரும்பக் கூப்பிடலாம்.